மாற்றுச் சாவி திறக்கிறதா?

பக்கத்து வீட்டுக்காரம்மா தன் வீட்டைப் பூட்டிய கையோடு எங்கள் வீட்டு மணியை அடிக்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியும். ஆணியில் தொங்கும் அவர் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்து நீட்டுகிறேன். வாங்கிக்கொண்டு போய், இப்போதுதான் பூட்டிய தன் வீட்டுக் கதவை அதைப் போட்டுத் திறக்கிறார். உள்ளே ஒரு காலை வைத்து எடுக்கிறார். மறுபடி பூட்டிவிட்டுச் சாவியை என்னிடமே திருப்பித் தருகிறார். தினமும் காலையில் இதுதான் நடக்கிறது.

கீழே வண்டியை உறுமவிட்டுக் காத்திருக்கும் அவர் கணவருக்கு இது பழகிப்போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருப்பதில்லை.

"நேத்துத் திறந்த சாவி இன்னிக்கு உன்கிட்ட கோவிச்சுக்கப் போகுதாம்மா?"

"நேத்துத் திறந்துச்சுங்கிறது நேத்துச் சேதி. இன்னிக்குச் சேதி என்னன்னு பார்க்க வேண்டாமா?"

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு. என்னையும் தினம் இப்படித்தான் போட்டுப் பார்க்கிறியா?"

"உங்களைப் போட்டுப் பார்க்க என்ன இருக்கு? நீங்க எந்தக் கதவையும் திறக்கிற ஆளில்லையே!"

வண்டி நகரும்போது இருவரும் சிரிப்பது தெருமுனை வரை கேட்கும்.

மற்றவர்கள் தொலைத்ததை மீட்டுத் தருவது அவர் தொழில். மருத்துவமனை, பள்ளிக்கூடம், பஸ் கம்பெனி, நூலகம் என்று எல்லோருடைய விவரங்களும் இன்று டேட்டாபேஸில் கிடக்கின்றன. அந்த டேட்டாபேஸ் 'கிளவுட்'டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் எவனோ அடுக்கி வைத்திருக்கும் கணினிகளில் வாடகைக்கு எடுத்த இடம், அவ்வளவுதான். அப்படி ஒரு டேட்டாபேஸ் அழிந்தால், முன்னெச்சரிக்கையாக எடுத்து வைத்த பிரதியான பேக்கப்பும் வேலை செய்யாவிட்டால், இவரைக் கூப்பிடுகிறார்கள்.

ஆள் குள்ளம். குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும், அதை வைத்து அவர் எழுதி நான் பார்த்ததில்லை. பெரிய கோளாறு என்று தெரிந்தால் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, "ஐயோ, அருமையான கோளாறு!" என்பார். எதிரில் நிற்பவர் தலையில் இடி விழுந்தவராக இருப்பார். இவருக்கு அது கண்ணில் படாது. பிள்ளைகள் புதுப் பந்தைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வந்தாச்சா?" "சந்தேகத்துக்கு ஒரு டீ சொல்லு" என்று முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். "வந்தாச்சு, யாரைத் தீர்க்கணும்?" என்று அவரும் கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்.

பெயர் வந்த கதை இது. அன்றன்றைக்குப் பேக்கப் முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் பொறியாளர்கள் உலகமெங்கும் உண்டு. தாயத்துக் கட்டியவனைக் கண்டால் கேலி பேசுகிறவர்கள்தான் அவர்கள். தங்கள் தாயத்து பச்சை நிறத்தில் ஒளிர்வதால் அதை அறிவியல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சந்தேகம் மேடம் அந்த டிக்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"அந்த டிக் என்ன சொல்லுது? 'எழுதிட்டேன்'னு சொல்லுது. 'திரும்ப வரும்'னு அது எப்பங்க சொல்லுச்சு? நாமளா நினைச்சுக்கிட்டு, அப்புறம் அதும்மேல பழி போடுறோம்."

அதனால், மீட்டது உண்மையிலேயே மீண்டதா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். சாட்சி கேட்பது. அந்த டேட்டாபேஸை அன்றாடம் புழங்கும் ஒரு சாதாரண ஆளைப் பிடித்து, "உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு அதுல இருக்கணும். என்னது அது?" என்பார். ஒரு நூலகத்தின் டேட்டாபேஸ் அழிந்தபோது அங்கே பதிவு போடுகிறவர் யோசித்து யோசித்து, 'நாய் கடித்ததால் அட்டை இல்லை' என்று ஒரு புத்தகத்துக்கு எதிரே தான் எழுதியதாகச் சொன்னார். பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவரும் ரீஸ்டோர் வேலை முடிந்ததும் மேலாளர்கள் எல்லாம் கை தட்ட, இவர் மட்டும் அசையாமல் நாயைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் நாற்காலியிலிருந்து குதித்து, "நாய் வந்துடுச்சு!" என்று கத்தினாராம். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் வேலை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. "நாய் வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இவரைப் பற்றி எழுதலாம் என்று ஒருநாள் வேலைக்குக் கூடப் போனேன். "வாங்க, ஓரமா உட்காருங்க, நடுவுல மட்டும் பேசிடாதீங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். போன இடம் ஓர் அறக்கட்டளையின் கண் மருத்துவமனை.

அங்கே கருவிழி மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் வரிசை ஒன்று கணினியில் உண்டு. முதலில் பதிந்தவருக்கு முதல் கண். தானமாக ஒரு கண் வந்தால்தான் அந்த வரிசையைத் திறப்பார்கள். முதல் நாள் மாலை ஒரு கண் வந்திருக்கிறது. வரிசையைப் பார்க்கும் நர்ஸ் திறந்தார். ஒரு பெயர்கூட இல்லை.

மென்பொருளைப் புதுப்பித்தவர்கள், ஒத்திகைப் பிரதியில் ஓட்ட வேண்டிய அழிப்பு வேலையை அசலில் ஓட்டிவிட்டிருந்தார்கள். அது நடந்தது போன வாரம் இதே கிழமை, பதிவு முடிந்த கையோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தில். பதிவு வாரத்துக்கு ஒருநாள்தான். அதனால் இடையில் யாரும் திறக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. காகிதத்தில் அச்செடுக்கும் வழக்கத்தையோ நிர்வாகம் எப்போதோ நிறுத்திவிட்டது.

வராந்தா பெஞ்சில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கருவிழி வெந்த முட்டைபோல் வெளுத்திருந்தது. மற்றதும் மங்கத் தொடங்கியிருந்தது. அடுத்தது இவர் முறைதான் என்று நர்ஸுக்கு நினைவு. அதனால் தகவல் சொல்லி அனுப்பி வரவழைத்துவிட்டார். நிர்வாக அதிகாரியோ, "ஞாபகத்தை வச்சு ஆபரேஷன் பண்ண முடியாது சிஸ்டர். வரிசை இல்லைன்னா நிர்வாகம்தான் முடிவு பண்ணும்" என்று சொல்லியிருக்கிறார். நிர்வாகத்தின் முடிவு ஏற்கெனவே ஏசி அறையில் உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தது. அறங்காவலர் ஒருவரின் மைத்துனர். அவருக்கும் கண் மங்கல்தான், அவருக்கும் கண் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வரிசை அழிந்த நாளில் யார் தானாக முன்னுக்கு வருகிறார்கள் என்று கவனியுங்கள். கண் தெரியாதவர்கள் நிறைந்த கட்டடத்தில்கூட அதிகாரத்துக்குத் தன் ஆள் எங்கே இருக்கிறான் என்பது பளிச்சென்று தெரிகிறது.

கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான அறையில் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். அழுது முடித்த முகம்.

"ரெண்டு தடவை ரீஸ்டோர் பண்ணிட்டேன் மேடம். ரெண்டு தடவையும் வரிசை காலி. பேக்கப்பே காலி மேடம்."

"ரெண்டு தடவையுமா?" செருப்புகள் கழன்றன. "ஐயோ, அருமை! உட்காருங்கண்ணே. எந்த நேரத்துக்கு ரீஸ்டோர் பண்ணீங்க?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கிளவுட் பேக்கப், கடந்த ஒரு வாரத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்குள் எந்த நிமிடத்தைக் கேட்டாலும், அந்த நிமிடத்தில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பிரதி கட்டித் தரும். ஆனால் தலையில் ஒரு புது நிமிடம் சேரும்போது வாலில் ஒரு பழைய நிமிடம் உதிரும்.

"அழிஞ்சது மதியம். அதனால காலைல பத்து மணிக்குப் போட்டேன்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"எந்த ஊர்ப் பத்து?"

"எந்த ஊருன்னா... நம்ம பத்துதான் மேடம்."

மேடம் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். நேரம் கேட்கும் கட்டத்துக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்துகளைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். அது உலகப் பொது நேரம். அதைவிட நம் கடிகாரம் சில மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே பத்து என்றால் இங்கே மதியம் தாண்டிய பொழுது. வரிசை அழிந்து முடிந்த பொழுது. காலியான நேரத்தைக் கேட்டார், காலியை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

கம்ப்யூட்டர்காரர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"சேச்சே, அடிக்காதீங்க, உள்ள இருக்கிறது வேணும் நமக்கு" என்றார் மேடம். "நானும் இதே குழியில விழுந்தவதான். இதை இவ்ளோ சின்னதா எழுதினவனை அல்லவா அடிக்கணும்! சரி, நகருங்க. முதல்ல வால் உதிர்றதை நிறுத்துவோம். ஒரு வாரங்கிறதை ஒரு மாசமா மாத்திட்டா மதியம் வந்தாலும் பயமில்லை. அப்புறம் ஆற அமர ரீஸ்டோர்."

திரை ஒப்புக்கொள்ளவில்லை. அனுமதி இல்லை என்றது.

"காலைல அதிகாரி எல்லாத்தையும் பூட்டச் சொல்லிட்டார் மேடம்" என்றார் கம்ப்யூட்டர்காரர் மெல்ல. "விசாரணை முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம். அவர் போன்ல அனுமதி அமுக்கினாத்தான் இனிமே எதுவும் நடக்கும்."

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்கு அதிக நேரம் இல்லை. அந்த நிமிடங்கள் வாலுக்கு வந்துவிட்டன. அப்படியே எழுந்து நடந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பளபளத்த வராந்தாவில் வெறுங்காலோடு அவர் போன வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

அதிகாரி சிரித்த முகத்தோடு வரவேற்றார். அநியாயம் செய்கிறவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவர்கள் நன்றாகவே பேசுவார்கள்.

"பேக்கப் காலின்னு ரிப்போர்ட் வந்தாச்சும்மா. உங்களுக்கு ஏன் சிரமம்?"

"காலி இல்லை சார். கேட்ட நேரம் தப்பு. உங்க போன்ல ஒரு பட்டனை அமுக்கினீங்கன்னா வரிசையைக் கொண்டாந்துடுவேன்."

"விசாரணை நடக்குதும்மா. நடுவுல நாம கை வச்சா சரிப்படாது. சாயங்காலம் உட்கார்ந்து பேசலாமே."

"சாயங்காலம் பேசறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது சார். இந்த மதியத்தோட அது அழிஞ்சிடும்."

"அது உங்க டெக்னிக்கல் விஷயம். எனக்கு அதெல்லாம் புரியாது."

"காலிதான்னா திறந்து பார்க்கிறதுக்கு ஏன் சார் பயப்படுறீங்க?"

சிரிப்பு சற்றே சுருங்கியது. "கதவைச் சாத்திட்டுப் பேசுங்கம்மா."

மேடம் கதவைச் சாத்தவில்லை. இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார். வெளியே அன்றைய பதிவுக்காகச் சன்னல் முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிகள், பஞ்சு வைத்து ஒட்டிய கண்கள், கைத்தாங்கலாகப் பிடித்து வந்த உறவுகள். மேடத்தின் குரல் இரண்டு ஆள் உயரம் என்று முன்பே சொன்னேன்.

"போன வாரமோ அதுக்கு முன்னாடியோ கண்ணுக்குப் பதிஞ்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா? உங்க வரிசை கம்ப்யூட்டர்ல அழிஞ்சுபோச்சு. திருப்பிக் கொண்டாந்துடலாம், அதுவும் இப்பவே. மதியம் ஆச்சுன்னா முடியாது. சார் ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்க மாட்டேங்கிறார். அவ்வளவுதான் விஷயம்."

கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. பதிவுச் சன்னலின் முன்னால் முதலாவதாக நின்ற கிழவர் திரும்பினார். தடியால் தரையைத் தட்டிக்கொண்டு அதிகாரியின் அறையை நோக்கி நடந்தார். அவர் தோளைப் பிடித்திருந்தவர் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். வரிசை கலையவே இல்லை, திசைதான் மாறியது. ஒருவர் பின் ஒருவராக, யாரும் யாரையும் முந்தாமல், அந்த அறையின் வாசலில் வந்து நின்றது. தையல்காரம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, தடவித் தடவி, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். முதலிடத்துக்கு உரியவர் கடைசியில் போய் நிற்கிறார், எந்த விதியும் தெரியாதவர்போல. விதியெல்லாம் தெரிந்தவரோ பழச்சாறு குடிக்கிறார்.

"என்ன சார், அமுக்குவீங்களா?" என்றார் கிழவர், சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று கேட்பவர்போல.

"இவங்க கூட்டம் சேர்க்கிறாங்க" என்று அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கூட்டம் இல்லீங்க, வரிசை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிகாரி போனை எடுத்தார். கட்டை விரலால் அமுக்கினார். அவர் முகத்தைப் பார்க்க மேடம் அங்கே இல்லை. வந்ததைவிட வேகமாகக் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

"மாத்தியாச்சு! ஒரு மாசம்! வால் நின்னுடுச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினார். கம்ப்யூட்டர்காரர் பெருமூச்சு விடுவதற்குள், "இப்ப நேரம் போடுங்கண்ணே. அழியறதுக்குக் கொஞ்சம் முன்னால. எந்த ஊர் நேரம்?" என்றார்.

"அந்த ஊர் நேரம் மேடம்! அந்த ஊர் நேரம்!"

கணினி பிரதி கட்டிக்கொண்டிருந்த அந்தப் பொழுதில் மேடம் சும்மா இருக்கவில்லை. ராகம் கெட்ட ஏதோ ஒன்றை முனகிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து, பெஞ்சுக்குத் திரும்பியிருந்த தையல்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்களைப் பத்தி அந்த வரிசையில என்ன எழுதியிருக்கும்? உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்களேன்."

"எனக்கு என்னம்மா தெரியும்? சட்டைக்கு அளவு கேட்டா சொல்லுவேன்."

"போன வாரம் இங்க வந்தீங்களாமே?"

"ஆமா. புது நம்பர் குடுக்க வந்தேன். பழைய போன் மெஷின் மிதியில விழுந்து, கண்ணு தெரியாம நானே மிதிச்சு உடைச்சுட்டேன். காலைல வந்து சிஸ்டர்கிட்ட குடுத்தேன், அவங்க மாத்திட்டேன்னு சொன்னாங்க. நம்பர் என்னன்னா..."

"சொல்லாதீங்க!" மேடம் கையை உயர்த்திவிட்டார். "நீங்க சொல்லவே கூடாது. சிஸ்டர், நீங்களும்தான். நான் சொல்றேன்."

தையல்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. விடையைத் தெரிந்துகொண்டு சரிபார்த்தால் மனசு தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். உண்மையைத் தேடுகிறவன் முதலில் கட்டிப்போட வேண்டியது தன் ஆசையை. அந்தப் புது எண் அழிப்புக்குச் சில மணி நேரம் முன்புதான் ஏறியிருந்தது. மீண்டு வந்த வரிசையில் அது இருந்தால், வந்தது எங்கோ கிடந்த பழைய பிரதி அல்ல, கடைசிக் காலை வரை முழுதாக இருந்த வரிசை.

"வந்துடுச்சு மேடம்!" கம்ப்யூட்டர்காரர் வாசலில் வந்து அலறினார்.

திரை முழுக்கப் பெயர்கள். நர்ஸ் என் கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டார், மகிழ்ச்சியில் யார் கை என்று பார்க்கவில்லை. முதல் வரியில் தையல்காரம்மாவின் பெயர். மைத்துனரின் பெயர் திரையை எத்தனை தள்ளிப் பார்த்தும் வரவில்லை. அவர் பதிந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து மேடத்தின் கம்பெனியிலிருந்து அழைப்பு. அடக்க முடியாத ஆவலுடன் ஒரு குரல் எல்லோருக்கும் கேட்கும்படி, "நாய் வந்துச்சா?" என்றது.

"வந்து நிக்குது" என்றார் மேடம். "இன்னும் குரைக்கலை."

அழைப்பைத் துண்டித்தார். முதல் வரியில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். பென்சிலை மறுபடி கொண்டையில் குத்திக்கொண்டார். போனைக் காதில் வைக்காமல் கையை முழுதும் நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையை வராந்தாப் பக்கம் சாய்த்தார்.

வெளியே, பெஞ்சில், ஒரு துணிப்பைக்குள்ளிருந்து மணி ஒலித்தது.

தையல்காரம்மா பைக்குள் துழாவினார். நூல்கண்டு ஒன்று வெளியே விழுந்து உருண்டது. "யாரு? யாரு பேசுறது?" என்ற அவர் குரல் வராந்தாவிலும் போனிலும் ஒருசேரக் கேட்டது. நர்ஸ் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர்காரர் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடி அழத் தொடங்கியிருந்தார். நான் கை தட்டிவிட்டேன், பேசக் கூடாது என்று சொன்னதை மறந்து.

சந்தேகம் மேடம் எங்களில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அழைப்பைத் துண்டித்தார். திரையில் இருந்த எண்ணை முதலிலிருந்து ஒருமுறை படித்தார். வெறுங்காலின் பெருவிரலைத் தரையில் தட்டிக்கொண்டே, அதே எண்ணை மறுபடி அழுத்தினார்.